தோன்றா எழுவாய்

(சித்தூரில் ஒரு ஞாயிறு மாலை, தமிழ் வாசகர்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் சித்தூரில் வீட்டுக்குள் தமிழும் வாசலில் தெலுங்கும் பேசுகிற குடும்பங்கள் ஏராளம். பாட்டியிடம் ஒரு மொழி, பால்காரரிடம் ஒரு மொழி. ஆனால் ஒரு கேள்வி மட்டும் இரண்டு மொழியிலும் ஒரே சொல்லில் வரும். கல்யாணமாகி மூன்று மாதம் ஆன பெண்ணைத் தெருவில் பார்த்தால், தமிழ் பேசுகிற அத்தை "என்னம்மா, ஏதாவது விசேஷம் உண்டா?" என்பார். தெலுங்கு பேசுகிற அத்தை "ஏமைனா விசேஷமா?" என்பார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். குழந்தை வேண்டும், வேண்டாம், இப்போது வேண்டும், பிறகு பார்க்கலாம் என்கிற எண்ணம் ஒருவருக்குள் எப்படி உருவாகிறது? அதை உருவாக்குவது யார்?

பள்ளியில் இலக்கணம் படித்தபோது 'தோன்றா எழுவாய்' என்று ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார்கள். "நேற்று வந்தேன்" என்றால் 'நான்' என்ற எழுவாய் வெளியே தெரியாது. ஆனால் வினைமுற்று அதைக் காட்டிக்கொடுத்துவிடும். இன்னொரு வாக்கியத்தைப் பாருங்கள்: "சீக்கிரம் ஒரு குழந்தை பெற்றுக்கொள்ள வேண்டும்." இதில் வினையும் காட்டிக்கொடுப்பதில்லை. யார் பெற்றுக்கொள்ள வேண்டும்? யாருக்கு வேண்டும்? மாமியார் சொன்னாலும், டாக்டர் சொன்னாலும், முதலமைச்சர் சொன்னாலும், அந்தப் பெண்ணே தனக்குள் சொல்லிக்கொண்டாலும் வாக்கியம் ஒன்றுதான். நூறு ஆண்டுக்கும் மேலாக நம் நாட்டில் குழந்தைப்பேற்றைப் பற்றி நடந்த பேச்செல்லாம் இப்படி எழுவாய் தோன்றாத வாக்கியங்களில்தான் நடந்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

நான் பல ஆண்டுகள் குடும்ப நலக் கணக்கெடுப்புகளுக்காக வீடு வீடாகப் போனவள். அந்தப் படிவங்களில் ஒரு கேள்வி வரும். தேசிய குடும்ப நல ஆய்விலும் அது உண்டு. "உங்களுக்குக் குழந்தையே பிறக்காத காலத்துக்குத் திரும்பிப் போக முடிந்து, வாழ்நாளில் எத்தனை குழந்தை என்று நீங்களே தேர்ந்தெடுக்க முடிந்தால், எத்தனை வேண்டும் என்பீர்கள்?" காகிதத்தில் எளிய கேள்வி. வாசற்படியில் உட்கார்ந்து கேட்டால்தான் அதன் கனம் தெரியும்.

புத்தூர்ப் பக்கம் ஒரு வீடு. மூன்று தலைமுறைப் பெண்கள் இருந்தார்கள். படிவத்தில் இடமில்லாவிட்டாலும், பாட்டியிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டேன். "எட்டு பெத்தேன், அஞ்சு தங்குச்சு" என்றார். எத்தனை வேண்டும் என்று நினைத்தீர்கள் என்று மறுபடி கேட்டேன். அவருக்குக் கேள்வி புரியவில்லை. காது நன்றாகத்தான் கேட்டது. கேள்வியின் அடிப்படைதான் பிடிபடவில்லை. "நான் இன்னாம்மா நெனைக்கிறது? உண்டாச்சு, பெத்தேன்" என்றார். மருமகள், "ரெண்டு. ரெண்டோட ஆபரேஷன் பண்ணிக்கினேன்" என்றார். பேத்திக்குக் கல்யாணமாகி ஒன்றரை ஆண்டு; ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. "இப்போதைக்கு வேணாம்னு இருக்கோம்" என்றாள்.

உண்டாச்சு. பண்ணிக்கினேன். வேணாம்னு இருக்கோம். மூன்று வினைமுற்றுகளில் மூன்று தலைமுறைகள் நின்றன. முதல் வாக்கியத்தில் காரியம் தானாக நடக்கிறது. இரண்டாவதில், 'கொள்' என்ற துணைவினை வந்து, செய்கிறவரே பலனையும் ஏற்கிறார். மூன்றாவதில் 'நான்' இல்லை, 'நாங்கள்' வருகிறது. கணவன் மனைவி இருவரும் சேர்ந்து ஒரு முடிவுக்குள் வாழ்கிறார்கள்.

மக்கள்தொகை அறிஞர் ஆன்ஸ்லி கோல் 1973-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒரு சமூகத்தில் பிறப்பு குறைய மூன்று நிபந்தனைகள் வேண்டும் என்றார். எத்தனை குழந்தை என்பது மனிதர் எண்ணிப் பார்த்து முடிவு செய்யக்கூடிய விஷயம் என்ற நினைப்பு முதலில் வர வேண்டும். குறைவாகப் பெறுவதில் நன்மை தெரிய வேண்டும். அதற்கான வழி கைக்கு எட்ட வேண்டும். பாட்டிக்கு என் கேள்வி புரியாமல் போனதற்குக் காரணம் முதல் நிபந்தனை. அவர் காலத்தில் அது எண்ணிக்கைக்குள் வராத காரியம். அதை அறியாமை என்று சொன்னால் நாம்தான் தவறு செய்தவர்கள். எட்டில் மூன்று மண்ணுக்குள் போகும் என்றால், எந்த எண்ணை வைத்துக்கொண்டு அவர் திட்டம் போடுவார்?

எண்ணிக்கைக்குள் வராத காலத்திலும் ஆசை இருந்தது. நம் மண்ணின் கதைகளே சாட்சி. திருமலையில் ஆகாசகங்கை அருவிக்கரையில் அஞ்சனாதேவி பிள்ளை வேண்டி நெடுந்தவம் இருந்தாள் என்பது தலபுராணம். புத்தூருக்கு அருகிலுள்ள நாராயணவனத்தில் ஆண்ட ஆகாசராஜனுக்குக் குழந்தை இல்லை, வேள்விக்காகப் பொன் ஏர் பூட்டி உழுதபோது தாமரையில் கிடந்த பெண் குழந்தையை எடுத்து மகளாக வளர்த்தான், அவளே பத்மாவதி. திருப்பதிக்குப் பக்கத்தில் பேரூர்க் குன்றின் மேல் கோயில் கொண்டிருக்கும் வகுளமாதாவோ சீனிவாசனைப் பெற்றவள் அல்ல. ஆனால் அவனுடைய தாய் அவள்தான், அவனுக்காகப் பெண் பேசப் போனவளும் அவள்தான். எண்ணிப் பாருங்கள், உலகமே திரண்டு வரும் இந்த மலையின் கதையில் பெண்ணின் தந்தை அவளைப் பெற்றவனல்ல, பிள்ளையின் தாய் அவனைப் பெற்றவளல்ல. பெறாமலும் பெற்றோர் ஆகலாம் என்று சொன்ன புராணம் நம்முடையது. அதே மண்ணில்தான் குழந்தையில்லாத பெண்ணை வளைகாப்புக்கு வரவேண்டாம் என்று இன்னமும் குறிப்பாகச் சொல்கிறோம். 'மலடி' என்ற சொல்லை நம் வீட்டுப் பேச்சிலிருந்து இன்றே நீக்க வேண்டும் என்று இந்த அவையில் மன்றாடிக் கேட்கிறேன்.

எண்ணிப் பார்க்கலாம் என்ற நினைப்பு நம் பக்கம் எப்போது வந்தது? சென்னையில் 1882-லேயே, மக்கள்தொகைப் பெருக்கம் பற்றிய மால்தஸின் கருத்தை ஏற்றவர்கள் ஒரு சங்கம் வைத்தார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்னால், 1877-ல், லண்டனில் ஒரு பெண் கருத்தடை பற்றிய சிறு நூலை மறுபதிப்புச் செய்ததற்காக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். வழக்கின் விளைவுகளில் ஒன்று, மறு ஆண்டே தன் சொந்த மகளை வளர்க்கும் உரிமையை அவர் இழந்தது. பிற்காலத்தில் தியசாபிகல் சங்கத்தில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தார். 1915-ல் அன்றைய நம் சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியில் ஒரு கல்லூரியைத் தொடங்கினார். அவர் அன்னி பெசன்ட். கல்லூரி இன்றும் அவர் பெயரோடு நிற்கிறது. எத்தனை குழந்தை என்பதை மக்களே தீர்மானிக்கட்டும் என்று சொன்னதற்கு ஒரு தாய் கொடுத்த விலை என்னவென்று அந்தக் கல்லூரி வாசலைக் கடக்கும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வேன்.

தமிழில் இந்தப் பேச்சுக்குப் புதுத் திசை காட்டியவர் பெரியார். 1930-களிலேயே கர்ப்பத்தடையை ஆதரித்து எழுதினார். ஆதரித்தவர் அவர் மட்டும் அல்லர். நாட்டின் வறுமை குறையும், தாயின் உடல்நலம் காக்கப்படும், குடும்பச் சொத்து சிதறாது என்று மற்றவர்களும் ஆதரித்தார்கள். பெரியாரோ அந்தக் காரணங்களை எல்லாம் தள்ளி வைத்துவிட்டு, பெண் விடுதலை பெறவேண்டும் என்பதற்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்றார். என் இலக்கணத்தில் சொன்னால், அந்த வாக்கியத்துக்கு எழுவாயாகப் பெண்ணை நிறுத்தியவர் அவர். பின்னால் வந்த அரசுத் திட்டங்கள் எடுத்துக்கொண்டது மற்றவர்களின் காரணங்களைத்தான்.

1952-ல் இந்தியா குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக்கியது. அதன் சின்னமான சிவப்பு முக்கோணம் சுவர்தோறும் வந்தது. "நாம் இருவர், நமக்கு இருவர்" என்று எல்லோருடைய நாவிலும் ஏறியது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. அவற்றில் பெரும்பகுதி ஆண்களுக்கு. கட்டாயம் நடந்த இடங்கள் பல. மக்கள் அடுத்த தேர்தலில் அதற்குப் பதில் சொன்னார்கள். அதன் பிறகு திட்டத்தின் பெயர் 'குடும்ப நலம்' என்று மாறியது. கத்தி ஆணை விட்டு விலகிப் பெண்ணிடம் வந்தது. ஆணின் கோபத்துக்கு அரசு பயந்தது. பெண்ணின் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது.

அதன் விளைவை நம் மாநிலத்தில் காணலாம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி ஆந்திராவில் மணமான, 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு ஏறக்குறைய 70 பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். நாடு முழுவதற்கும் அது 38 அளவில்தான். கருத்தடை செய்துகொண்ட ஆண்கள்? நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் குழந்தைகளின் சராசரியை எடுத்துக்கொண்டால் ஆந்திராவில் 1992-93-ல் 2.6, 2019-21-ல் 1.7. தமிழ்நாட்டில் 1.8, நாடு முழுக்க 2.0. தலைமுறைக்குத் தலைமுறை மக்கள்தொகை சமனாக நிற்க வேண்டுமானால் 2.1 வேண்டும். அதைவிடக் கீழே நாம் இறங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

இந்த இறக்கத்தில் வியப்பான ஒன்று உண்டு. குழந்தை குறைய வேண்டுமானால் பெண்கள் நிறையப் படிக்க வேண்டும், கல்யாணம் தள்ளிப்போக வேண்டும், வருமானம் உயர வேண்டும் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். ஆந்திராவில் அப்படி நடக்கவில்லை. அதே ஆய்வில் 20 முதல் 24 வயதுவரையுள்ள பெண்களில் 100-க்கு 29 பேர் 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள். சீக்கிரம் கல்யாணம், சீக்கிரம் இரண்டு குழந்தை, 25 வயதுக்குள் ஆபரேஷன் என்பது இங்கே ஒரு வாழ்க்கை வரிசையாகவே ஆகிவிட்டது.

அரசு சொன்னதைக் கேட்டுத்தான் பெண்கள் வரிசையில் போய் நின்றார்களா? அப்படி மட்டும் சொன்னால் அவர்களைப் பொம்மையாக்கிவிடுவோம். கடற்கரை ஆந்திராவின் கிராமங்களில் தங்கி ஆய்வு செய்த ஃபின்லாந்து மானுடவியலாளர் மின்னா சாவலா 1999-ல் வெளியிட்ட கட்டுரையில் வேறொரு விளக்கம் தந்தார். மாமியாரின் ஆட்சிக்குள் இருக்கும் இளம் மருமகளுக்கு ஆபரேஷன் ஒரு படி. அதைச் செய்துகொண்டவள் 'பெற்று முடித்தவள்'. வீட்டில் அவளுக்கு ஒரு பக்குவம், ஓர் இடம் கிடைக்கிறது. நம் பக்கத்து வீடுகளில் நான் கேட்டதும் இதற்கு ஒத்துப்போனது. "அந்தத் தொல்லை தீர்ந்துச்சு, இனிமே என் வேலையை நான் பார்க்கலாம்" என்று எத்தனையோ பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். டுவாக்ரா மகளிர் குழுவில் கடன் வாங்குவது, மாடு வாங்குவது, பிள்ளையை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்ப்பது என எல்லாக் கணக்கும் அந்த ஆபரேஷனுக்குப் பிறகுதான் தொடங்கும். அரசு தன் இலக்கை எட்டியது என்று எழுதிக்கொண்டது. பெண்ணோ தன் வழியைத் தேடிக்கொண்டாள். கணக்குப் புத்தகத்தில் இரண்டும் ஒரே எண்ணாகப் பதிவானது.

எண்ணம் உருவாகும் விதத்தை உளவியலாளர் ஐசக் ஐசன் 1991-ல் ஒரு கோட்பாடாகச் சொன்னார். மூன்று இழைகள் சேர்ந்துதான் ஓர் எண்ணம் ஆகிறது என்பது அதன் சாரம். நம் பேச்சில் அவற்றுக்குப் பெயர் வைக்கிறேன்: மனசு, நாலு பேர், கை. அந்தக் காரியம் எனக்கு நல்லதா என்று மனசு பார்க்கிறது. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று நாம் பார்க்கிறோம். அது என் கைக்கு எட்டுமா, என்னால் முடியுமா என்று அளக்கிறோம். மூன்றும் ஒரு பக்கம் சாய்ந்தால் எண்ணம் உறுதியாகிறது. முரண்பட்டால் "பார்க்கலாம்" என்று நிற்கிறது.

'நாலு பேர்' என்ற இழை எவ்வளவு பலமானது என்பதற்கு நம் பழமொழி ஒன்று போதும்: ஆசைக்கு ஒண்ணு, ஆஸ்திக்கு ஒண்ணு. ஆசைக்குப் பெண், ஆஸ்திக்கு ஆண். எத்தனை குடும்பங்களில் இரண்டாவது குழந்தை பிறந்ததற்கு இந்த நான்கு சொற்கள் காரணம்! முதலாவது ஆணாக இருந்தால் நிறுத்திக்கொள்வதும், பெண்ணாக இருந்தால் 'இன்னொரு தடவை பார்க்கலாம்' என்பதும் நாம் அறியாததல்ல. அந்தப் பழமொழியின் பின்பாதியை ஆந்திரச் சட்டமன்றம் அவிழ்த்தது. 1983-ல் திருப்பதித் தொகுதியிலும் போட்டியிட்டு வென்று முதலமைச்சரான என்.டி. ராமாராவின் ஆட்சியில் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பாலேயே சம பங்கு தந்தார்கள். தமிழ்நாடு 1989-ல் தந்தது. நாடு முழுக்க 2005-ல் வந்தது. திருப்பதியில் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் பிறந்ததும் அதே 1983-ல்தான். 'ஆஸ்திக்கு ஒண்ணு' என்பது மகளாகவும் இருக்கலாம் என்று ஆனால், 'இன்னொரு தடவை' என்கிற கட்டாயம் தளர்கிறது. ஒரு சட்டம் படுக்கையறைக்குள் நுழையாமலேயே ஒரு பெண்ணின் எண்ணத்தை விடுவிக்க முடியும் என்பதற்கு இது சான்று.

படுக்கையறைக்குள் நுழைந்த சட்டமும் நம்மிடம் உண்டு. 1994-ன் ஆந்திரப் பஞ்சாயத்து ராஜ் சட்டம், 1995 மே 30-க்குப் பிறகு மூன்றாவது குழந்தை பிறந்தவர்கள் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது என்றது. அதே காலத்தில்தான் பஞ்சாயத்தில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று அரசியல் சட்டமே திறந்துவிட்டிருந்தது. கதவைத் திறந்த கையே குறுக்கே ஒரு கட்டையும் வைத்தது. ஆந்திரா உட்பட ஐந்து மாநிலங்களில் இந்த விதியை ஆராய்ந்து நிர்மலா பூச் 2005-ல் எழுதினார். பதவிக்காக மனைவியைக் கைவிட்டவர்கள், பிள்ளையைத் தத்துக் கொடுத்தவர்கள், கருவைக் கலைக்கச் சொன்னவர்கள் என்று அவர் கண்டவை நெஞ்சைச் சுடும். குழந்தை பெறுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் அதிகாரம் பெரும்பாலும் யாருக்கு இல்லையோ, அவர்களும் அந்த விதியால் பதவி இழந்தார்கள்.

இப்போது காற்று திசை மாறியிருக்கிறது. 1997-ல் ஆந்திராவுக்கென்று மக்கள்தொகைக் கொள்கை வந்து சிறு குடும்பம் வலியுறுத்தப்பட்டபோது முதலமைச்சராக இருந்தவர் சந்திரபாபு நாயுடு. நம் சந்திரகிரிக்குப் பக்கத்து நாராவாரிப்பள்ளியில் பிறந்து, தமிழ் ஒலிக்கும் குப்பம் தொகுதியின் பிரதிநிதியாகப் பல முறை வென்றவர். அவரே 2024 அக்டோபரில், குடும்பங்கள் கூடுதலாகக் குழந்தை பெற வேண்டும், இரண்டுக்கு மேல் பெற்றவர்களே உள்ளாட்சித் தேர்தலில் நிற்கலாம் என்று சட்டம் கொண்டுவர எண்ணுகிறோம் என்றார். அதே மாதம் சென்னையில் முதலமைச்சர் ஸ்டாலின் ஒரு திருமண விழாவில் பதினாறு செல்வங்களை நினைவூட்டி, பதினாறு பிள்ளைகள் பெற்றால் என்ன என்று மக்கள் நினைக்கும் நிலை வந்துவிட்டது என்ற பொருளில் பேசினார். நவம்பரில் ஆந்திரச் சட்டமன்றம் இரண்டு குழந்தை விதியை நீக்கியது. அந்த நீக்கத்தை நான் முழு மனதோடு வரவேற்கிறேன்.

அவர்களுடைய கவலை பொய்யல்ல. முதியோர் பெருகுகிறார்கள், உழைக்கும் வயதினர் குறைகிறார்கள். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய தென்மாநிலங்களுக்கு நாடாளுமன்றத் தொகுதி மறுவரையறையில் குரல் குறைந்துவிடுமோ என்ற அச்சம் நியாயமானது. ஆனால் ஒன்று கேட்கிறேன். அன்று "இரண்டு போதும்" என்றார்கள். இன்று "மூன்று வேண்டும்" என்கிறார்கள். எண் மாறியிருக்கிறது. எழுவாய் இப்போதாவது தோன்றியிருக்கிறதா? தொகுதிக்காக, வரிப் பங்குக்காக, மாநிலத்தின் வயதுக்காக ஒரு பெண் பத்து மாதம் சுமக்க மாட்டாள். சுமக்கவும் கூடாது.

ஆணை போட்டால் எண்ணம் பிறக்காது என்பதை உலகம் பார்த்துவிட்டது. ருமேனியாவில் 1966-ல் கருக்கலைப்பைத் தடை செய்தார்கள். மறு ஆண்டு பிறப்பு ஏறக்குறைய இரட்டிப்பானது. சில ஆண்டுகளில் மறுபடி இறங்கிவிட்டது. ஆனால் மறைவாகக் கலைக்கப் போய் ஆயிரக்கணக்கான பெண்கள் மாண்டார்கள். சீனா ஒரு குழந்தை விதியைத் தளர்த்தி 2021-ல் மூன்று வரை பெறலாம் என்றது, பிறப்பு உயரவில்லை. பெரும் பணத்தைச் செலவிட்ட தென்கொரியாவில் சராசரி 2023-ல் 0.72-க்கு இறங்கியது. கட்டாயப்படுத்திக் குறைக்கலாம், மனித மானத்தை விலையாகக் கொடுத்து. கட்டாயப்படுத்தி நிலையாகக் கூட்ட முடியவே முடியாது.

என்னதான் செய்வது? ஸ்ரீசிட்டிக்குப் போகும் அந்தப் பேத்தியிடமே போவோம். "இப்போதைக்கு வேணாம்னு இருக்கோம்" என்றாளே, அது மறுப்பு அல்ல. கேமரூன் நாட்டு இளம்பெண்களிடையே ஆய்வு செய்த ஜெனிஃபர் ஜான்சன்-ஹேங்க்ஸ் ஓர் உண்மையைக் கண்டார். நாளை என்னவென்று உறுதியில்லாத வாழ்க்கையில் மனிதர்கள் முதலில் திட்டம் போட்டு அப்புறம் நடப்பதில்லை. எதிரே திறக்கிற கதவைப் பார்த்து, அந்த நேரத்தில் முடிவு செய்கிறார்கள். நம் பேத்தியும் அப்படித்தான். அவள் வேலை நிரந்தரமா என்று அவளுக்குத் தெரியாது. விடியற்காலை பஸ் ஏறினால் ஷிஃப்ட் முடிந்து திரும்ப இருட்டிவிடும். குழந்தையை யார் பார்ப்பது? அம்மாவா, மாமியாரா, அல்லது வேலையை விடுவதா? தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. கட்டணம் எவ்வளவு? அவளுக்கு மனசு இருக்கிறது. நாலு பேர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கைதான் எட்டவில்லை.

2025-ல் ஐ.நா. மக்கள்தொகை நிதியம் இந்தியா உட்பட 14 நாடுகளில் கேட்டதிலும் இதே பதில்தான் வந்தது. விரும்பிய அளவு குழந்தை பெற முடியாததற்கு, பத்தில் ஏறக்குறைய நான்கு பேர் பணத்தைக் காரணமாகச் சொன்னார்கள். மறுபக்கம், நம் தேசிய ஆய்வு இன்னொன்றையும் காட்டுகிறது: பெண்கள் விரும்பியபடி மட்டும் பிறந்திருந்தால் நாட்டின் சராசரி 2.0 அல்ல, 1.6. ஒருத்திக்கு வேண்டாதது வந்துவிடுகிறது. இன்னொருத்திக்கு வேண்டியது வராமல் போகிறது. காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதி போகும் ரயிலில் இந்த இருவரையும் நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்கு மொட்டை போட்டுத் துலாபாரம் கொடுக்க ஒரு குடும்பம் மலைக்குப் போகும். எதிர்த் திசையில், கையில் ஸ்கேன் கவரோடு ஒரு தம்பதி வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். இருவருக்கும் ஒரே அறிவுரையை மேடையிலிருந்து சொல்வது எப்படி நியாயமாகும்?

அரசு செய்யக்கூடியது உண்டு. 2020 ஜனவரி 9-ல் 'அம்மா ஒடி' திட்டம் நம் சித்தூரில்தான் தொடங்கியது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்க்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய். எத்தனை பிள்ளை இருந்தாலும் தாய்க்கு ஒரு தொகை. 2025-ல் வந்த 'தல்லிக்கி வந்தனம்' படிக்கும் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் என்று மாறியது. இது நல்ல திசை. ஏனென்றால் இது பெற்றுக்கொள் என்று சொல்லவில்லை. பெற்ற பிள்ளையை வளர்க்கக் கை கொடுக்கிறது. மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்று விட்டுவிடாமல், தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டுவது. அதைப்போலத் தொழிற்சாலை வாசலில் குழந்தைக் காப்பகம் வேண்டும். இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே இடைவெளி விட மாத்திரை, காப்பர்-டி, ஊசி எல்லாம் ஆபரேஷனுக்கு இணையாக எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மரியாதையோடு கிடைக்க வேண்டும். 22 வயதுப் பெண்ணிடம் நிரந்தர ஆபரேஷன் ஒன்றை மட்டுமே நீட்டுவதைத் தேர்வு என்று சொல்ல முடியாது. அந்தப் பொறுப்பில் ஆணும் பங்கு ஏற்க வேண்டும். தொட்டிலை ஆட்டுவதில் மட்டுமல்ல, வேலைக்கு விடுப்புப் போடுவதிலும்.

முடிக்கும் முன் அந்தப் புத்தூர்ப் பக்கத்து வீட்டுக்கே திரும்புகிறேன். மருமகள் "ரெண்டு" என்று சொன்னாரே, அப்போது பாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பெண்ணைத் தனியாக வைத்துத்தான் கேட்க வேண்டும் என்று எங்களுக்கு விதி. வீடுகளில் அது எளிதில் அமையாது. நடுவில் கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட, பாட்டி எழுந்து பின்னால் போனார். மருமகள் என் படிவத்தைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார்: "மூணாவதா ஒண்ணு இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்னு எனக்குத் தோணும்மா. இருபத்திரண்டு வயசுல பண்ணிட்டாங்க. அப்ப அதை யாரும் கேக்கல." பேனாவை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க ரெண்டுன்னே எழுதிக்கங்க. அதானே சரியான பதில்?"

அவர் சொன்னபடி 2 என்றே எழுதினேன். அந்த 2 இன்று ஏதோ ஒரு சராசரிக்குள் கலந்து கிடக்கிறது. சுவரில் எழுதியிருந்ததைத் தன் பதிலாகச் சொன்ன ஒரு பெண், பாட்டி திரும்பி வருவதற்குள் கிடைத்த அந்த இரண்டு நிமிடத்தில்தான், "எனக்குத் தோணும்" என்றார். அந்த 'எனக்கு' என்ற சொல்லுக்காகத்தான் இவ்வளவு நேரம் பேசினேன். இன்று அரசு மூன்று என்கிறது. நாளை இன்னொரு பெண் 22 வயதில் "மூணு" என்று சொல்லி, கன்றுக்குட்டியைப் பிடிக்க யாராவது எழுந்து போகும்வரை தன் பதிலை உள்ளேயே வைத்திருக்கும்படி நாம் செய்துவிடக் கூடாது. நாளைக் காலை நம் தெருவில் புதுப்பெண் ஒருத்தி எதிரே வந்தால், விசேஷத்தைக் கேட்க வேண்டாம். சாப்பிட்டாயா, வேலை எப்படிப் போகிறது, உடம்புக்கு நன்றாக இருக்கிறாயா என்று கேளுங்கள். சொல்ல வேண்டியதை அவளே சொல்வாள், அவளுக்கு வேண்டிய நாளில்.